வேண்டாம் என்றவருக்கு முதல் தோசை

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் பெரியவர் யோசுவா ஐயா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் சாலைத் தமிழ் மன்றத்தின் செயலாளர் சத்தியதாஸ் அவர்களே, கடையடைத்துவிட்டு வந்திருக்கும் சாலைத் தெரு வணிகப் பெருமக்களே, வலியசாலையிலிருந்தும் கிழக்கேகோட்டையிலிருந்தும் வந்திருக்கும் சிநேகிதர்களே, விதுரைப் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, நாற்காலி கொடுத்தும் உட்காராமல் பின்னால் நின்றுகொண்டிருக்கும் டீக்கடைத் தங்கப்பன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செண்பகவல்லி அக்கா அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

என் பெயர் அனந்தபத்மநாபன். வலியசாலைக்காரன். சர்க்கார் ஆபீசில் பைல் புரட்டிச் சம்பளம் வாங்குகிறவன். ஸ்டூல் போட்டு ஏறி பல்பு மாட்டச் சொன்னால் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுகிற ரகம். அப்படிப்பட்ட என்னைச் செங்குத்தான பாறையில் கயிற்றில் தொங்கவிட்டு, "சாமி, கீழே பாக்காதீரும், மேலே பாரும்" என்று பத்து வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருந்தார் ஒருவர். அவர்தான் நம் மன்றத்துப் பாறையேற்றப் பிரிவின் நிறுவனர், சாலைத் தெருப் பாத்திரக்கடை முதலாளி, அமரர் பகவதிப்பெருமாள் அண்ணாச்சி அவர்கள்.

இது அழவேண்டிய கூட்டம் என்று எனக்குத் தெரியும். அழுதாகிவிட்டது. பதினாறு முடிகிறவரை அழுதோம். இனி அண்ணாச்சியை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது, என்ன செய்ய? யோசுவா ஐயா கோபித்துக்கொள்ளாமல் இருந்தால், அந்த மனிதரைச் சிரித்துக்கொண்டே வழியனுப்ப விரும்புகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். செயலாளர் அவர்களின் சட்டைப் பையில் ஒரு தீர்மானம் இருக்கிறது. மறைக்கவேண்டாம் சார், எனக்குத் தெரியும். 'பாறையேற்றம் உயிருக்கு ஆபத்தானது என்பதாலும், அதன் தலைவரே மறைந்துவிட்டதாலும், இந்தப் பிரிவு இன்றோடு கலைக்கப்படுகிறது' என்று எழுதி வைத்திருக்கிறார். நான் பேசி முடித்ததும் வாசிப்பாராம். எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். நான் ஐந்து நிமிஷத்தில் முடிக்கப்போவதில்லை. அந்தத் தீர்மானமும் செல்லப்போவதில்லை. கலைப்பதா, நடத்துவதா என்று சொல்லும் உரிமை இந்த மண்டபத்தில் ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அக்கா, அண்ணாச்சியின் துணைவியார். பேச்சின் முடிவில் எல்லார் முன்னிலையிலும் அவர்களிடம் கேட்கப்போகிறேன். ஏன் அவர்களிடம் கேட்க வேண்டும்? அதைச் சொல்லத்தான் எழுந்து நிற்கிறேன்.

நண்பர்களே, ஒரு பாத்திரக்கடைக்காரர் பாறை ஏறப் போனது எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரியாது. அண்டா மூடியால் போனார். சிரிக்காதீர்கள், உண்மை. அறுபத்தெட்டாம் வருஷம் என்று நினைக்கிறேன், நம் மன்றம் விதுரைப் பக்கத்து மொட்டைப்பாறைக்குப் பிக்னிக் போனது. சாம்பார் சாத அண்டா அண்ணாச்சி கடையில் வாங்கிய புது அண்டா. அதன் மூடி கைதவறி உருண்டது. பாறை விளிம்பு தாண்டிப் போய் நடுவில் ஒரு திட்டில் சிக்கி நின்றது. நாமெல்லாம் என்ன செய்வோம்? அடடா என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவோம். அண்ணாச்சி வேட்டியை மடித்துக் கட்டினார், இறங்கினார், மூடியை எடுத்தார். எடுத்த பிறகுதான் தெரிந்தது, ஏறி வர வழியில்லை என்று.

நாங்கள் மேலேயிருந்து கத்துகிறோம். அவர் கீழே நின்று மூடியைக் குடை மாதிரித் தலையில் பிடித்துக்கொண்டு ஊர் பார்க்கிறார். மலையடிவாரத்தில் டீக்கடை வைத்திருந்த இதே தங்கப்பன் தன் கிணற்றுக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு ஓடிவந்தார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தோம். முழங்காலெல்லாம் ரத்தம், சட்டை கிழிந்துவிட்டது, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மேலே வந்து நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "இன்னொரு தடவ எறங்கட்டா?"

அன்றைக்கு ஆரம்பித்தது. அடுத்த மாதமே மன்றத்தில் பாறையேற்றப் பிரிவு வந்துவிட்டது. தலைவர் அவர். உறுப்பினர், பழவங்காடியில் தையல் மெஷின் போட்டிருக்கும் மைதீன். கணக்குவழக்கு பார்க்க ஆள் வேண்டும் என்று என்னைச் சேர்த்தார்கள். கணக்கு பார்க்கத்தான் சேர்ந்தேன், பாறையில் ஏற அல்ல. முதல் ஞாயிற்றுக்கிழமையே இடுப்பில் கயிற்றைக் கட்டிவிட்டார்.

எங்களிடம் என்ன இருந்தது? வெளிநாட்டில் இதற்கென்று சாமான்கள் உண்டாம். எங்களுக்கு அதைக் கண்ணால் பார்த்த பழக்கம்கூடக் கிடையாது. கொல்லன் அடித்துக் கொடுத்த இரும்பு முளைகள். மைதீன் லாரித் தார்ப்பாயின் பட்டையை மடித்து மடித்துத் தைத்த இடுப்புவார். தலைக்கு? அண்ணாச்சி கடையிலிருந்து அலுமினியச் சட்டி. உள்ளே பஞ்சு வைத்து, தாடையில் கட்ட நாடா வைத்து மைதீன் தைத்துக் கொடுத்தார். அதைக் கவிழ்த்துக்கொண்டு நாங்கள் கிழக்கேகோட்டையில் விடியற்காலை பஸ் ஏறும்போது கண்டக்டர் கேட்பார், "எந்தா சாரே, கல்யாணச் சத்யைக்குப் போகுகயாணோ?" கல்யாண விருந்துக்குச் சமைக்கப் போகிற கோஷ்டி என்று நினைத்துவிட்டார், பாவம்.

அந்தச் சட்டிகளில் ஒன்றை இதோ மேசைமேல் வைத்திருக்கிறோம். இந்தப் பக்கம் ஒடுங்கியிருக்கிறது, பாருங்கள். மேலேயிருந்து தேங்காய் அளவுக் கல் ஒன்று வந்து விழுந்த இடம் அது. அப்போது அதற்குள் இருந்தது என் தலை. இந்தச் சட்டி இல்லாவிட்டால் இன்றைக்கு இரங்கல் உரை நிகழ்த்த வேறு ஆள் பார்த்திருக்க வேண்டும். கல் விழுந்ததும் அண்ணாச்சி மேலேயிருந்து கூப்பிட்டார்: "சாமி, உயிரோட இருக்கீரா?" இருக்கிறேன் என்றேன். "சட்டி?" என்றார்.

ஏன் போனோம்? இந்தக் கேள்வியை என் வீட்டிலும் கேட்டார்கள், ஆபீசிலும் கேட்டார்கள். பாறையில் என்ன இருக்கிறது, ஐயா? தங்கமா, வைரமா? அண்ணாச்சியிடம் கேட்டேன் ஒருநாள். அவர் சொன்னார்: "கடையில உக்காந்தா நாளைக்கு என்ன, தை மாசம் என்ன, ஓணத்துக்குச் சரக்கு வருமான்னு மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கும். பாறையில தொங்கும்போது அடுத்த புடி எங்கேங்கது மட்டுந்தான் இருக்கு. வேற ஒண்ணுமே இல்ல பாத்துக்கிடும். அந்த ஒரு நாளாவது மண்டை சும்மா கெடக்கட்டுமே."

நூற்றுக்கு நூறு உண்மை, நண்பர்களே. விரல் நுனி நாலும் ஒரு வெடிப்புக்குள். கால் பெருவிரல் ஒரு சின்ன மேட்டில். காற்று வேட்டியைப் பிடித்து இழுக்கிறது. கீழே பார்த்தால் பசு மாடு எறும்பாகத் தெரிகிறது. அப்போது யாருக்காவது பிரமோஷன் ஞாபகம் வருமா? பக்கத்து வீட்டுச் சண்டை ஞாபகம் வருமா? ஒன்றும் வராது. அடுத்த பிடி கிடைத்து, உடம்பை மேலே தூக்கி, உச்சியில் மல்லாந்து படுத்து, மேற்கே வெகுதூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரியும்போது, காரணமே இல்லாமல் சிரிப்பு வரும். நாற்பது வயசுக்கு மேல் நான் அப்படிச் சிரித்தது அங்கேதான்.

ஆனால் பாறை விளையாட்டுக்காரனில்லை. அதையும் சொல்லவேண்டும். இரங்கல் கூட்டத்தில் போனவரைக் குறை சொல்லக்கூடாது என்பார்கள். நான் சொல்லுவேன். அண்ணாச்சி என் பேச்சைக் கேட்டால் கைதட்டுவார்.

துலாவர்ஷ காலம், அதாவது ஐப்பசி மழை. காலையில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. பாதி உயரம் போயிருக்கிறோம். அண்ணாச்சி மேலே, நான் நடுவில், மைதீன் கீழே. திடீரென்று மைதீன் சொன்னார், "அண்ணாச்சி, வேண்டாம். எறங்கிருவோம்." ஏன் என்று கேட்டார் அண்ணாச்சி. மைதீனுக்குச் சொல்லத் தெரியவில்லை. "என்னமோ வேண்டாம்னு தோணுது." நாங்கள் சிரித்தோம். அண்ணாச்சி கேலி செய்தார்: "ஒரு பீடி வலிச்சிட்டு வா மைதீனே, எல்லாம் தோணாமப் போயிரும்." மைதீன் வாயை மூடிக்கொண்டு ஏறினார்.

கொஞ்ச நேரத்தில் கிழக்கே இடி. அப்புறம் மழை. பாறை முழுக்க எண்ணெய் தேய்த்த மாதிரி ஆகிவிட்டது. அண்ணாச்சி மிதித்திருந்த மண்திட்டு அப்படியே பெயர்ந்து என் தோளை உரசிக்கொண்டு போனது. அடுத்து அண்ணாச்சி போனார். என் தலைக்கு மேலே இருந்தவர் என் காலுக்குக் கீழே தொங்குகிறார். அப்போதும் எங்களிடம் அதே தேங்காய்நார்க் கிணற்றுக் கயிறுதான். பாறை விளிம்பில் உரசி அது பிரிய ஆரம்பித்தது. ஒவ்வொரு புரியாக விட்டுக்கொண்டே வருகிறது. நான் கண்ணால் பார்க்கிறேன். கயிறு அறுவதற்குள் அண்ணாச்சி கையாலேயே பிடித்து ஏறினார். உள்ளங்கைத் தோல் இரண்டும் கயிற்றோடு போய்விட்டது.

எப்படி இறங்கினோம் என்று கேட்காதீர்கள், எனக்கு நினைவில்லை. தங்கப்பன் கடையில் உட்கார்ந்தோம். அண்ணாச்சியின் இரண்டு கையிலும் துணி சுற்றியிருக்கிறது. தங்கப்பன் வழக்கம்போல் முதல் தோசையை அண்ணாச்சி இலையில் போட்டார். அண்ணாச்சி கட்டுப்போட்ட இரண்டு கையாலும் அந்த இலையை மேசைமேல் நகர்த்தி நகர்த்தி மைதீன் முன்னால் கொண்டுபோய் விட்டார். "மொதல்ல சொன்னவனுக்கு மொத தோசை" என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அந்தத் தோசைதான் எங்கள் சங்கத்தின் சட்டப் புத்தகம். மறுவாரமே அண்ணாச்சி விழிஞ்ஞத்துக்குப் போய் மீன்பிடி வள்ளத்துக்கு வாங்குகிற நைலான் கயிறு வாங்கி வந்தார். கயிற்றோடு சட்டமும் வந்தது. ஒருவர் வேண்டாம் என்றால் எல்லாரும் இறங்கவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது. பஸ் கிழக்கேகோட்டை சேருகிறவரை கேலி பேசக்கூடாது. வேண்டாம் என்றவருக்குத்தான் முதல் தோசை.

உலகத்தில் வேறு எந்தச் சங்கத்திலாவது பயந்தவனுக்கு முதல் மரியாதை உண்டா? வீரத்துக்கு மாலை போடுகிற சங்கம் ஆயிரம் இருக்கும். 'எனக்கு முடியவில்லை' என்று வாய்விட்டுச் சொல்கிறவனை உட்காரவைத்துச் சுடச்சுடத் தோசை போடுகிற சங்கம் எங்கே இருக்கிறது? தங்கப்பன், நீரே சொல்லும். நாங்கள் இறங்கி வந்ததும் நீர் கேட்கிற முதல் கேள்வி, "இன்னு ஆராணு வேண்டா பறஞ்ஞது?" இன்றைக்கு வேண்டாம் என்றது யார் என்பதுதானே? பெரும்பாலும் நான்தான் கை தூக்குவேன். நான் தின்ற முதல் தோசைகளை வரிசையாக அடுக்கினால் அதுவே ஒரு பாறை. சிரிக்கட்டும் எல்லாரும். அத்தனை தோசையும் தின்றுவிட்டு உயிரோடு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

இனி அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

கை புண்ணாகிக் கிடந்த நாட்களில் அண்ணாச்சிக்கு அக்காதான் சோறு ஊட்டினார்கள். நானும் மைதீனும் பார்க்கப் போனோம். புதுச் சட்டத்தை அண்ணாச்சி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா சோற்றுக் கையோடு எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். "மேலே தொங்குதவங்களுக்கு மட்டுந்தான் சட்டமா? வாசலையே பாத்துக்கிட்டு இருக்கவளுக்குக் கெடையாதா?" என்று கேட்டார்கள்.

நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகள். மூவரும் சோற்றுத் தட்டைப் பார்த்தோம். கடைசியில் அண்ணாச்சி, "உனக்கும் உண்டு" என்றார். அன்றிலிருந்து கயிறு அக்கா வீட்டுக் கூடத்துச் சுவரில், ஆணியில் தொங்கும். சனிக்கிழமை சாயங்காலம் மைதீன் போய்க் கேட்பார். அக்கா தலையாட்டினால் கயிறு ஆணியை விட்டு இறங்கும். வேண்டாம் என்றால் இறங்காது. அவர்களிடமும் ஏன் என்று கேட்கக்கூடாது.

அக்கா அந்த உரிமையை அள்ளி வீசவில்லை. இத்தனை வருஷத்தில் இரண்டே தடவை. ஒன்று அடைமழைக் காலம், அதில் யாருக்கும் வருத்தமில்லை. மற்றது நல்ல மகர மாசம், தை வெயில். பாறை ஏற அதைவிட நல்ல நாள் கிடையாது. அன்றைக்கு அக்கா வேண்டாம் என்றுவிட்டார்கள். அண்ணாச்சி ஞாயிற்றுக்கிழமை முழுக்க மொட்டைமாடியில் அப்படியும் இப்படியும் நடந்தாராம். வானத்தைப் பார்ப்பாராம், பெருமூச்சு விடுவாராம். ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. சட்டப்படி முதல் தோசை அக்காவுக்கு. வீட்டில் தோசை வார்க்கிறவரே அவர்கள், அவர்களுக்கு யார் வார்ப்பது? அண்ணாச்சியே அடுப்படிக்குப் போனார். வார்த்தார். கருகியது. சுரண்டிப் போட்டுவிட்டு மறுபடி வார்த்தார். அதுவும் கருகியது. அக்கா அந்தக் கரியை ஒரு துண்டு விடாமல் சாப்பிட்டார்கள் என்று அண்ணாச்சி கடையில் எல்லாரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை பெய்யவில்லை. பாறை பெயரவில்லை. ஒன்றுமே நடக்கவில்லை. நான் கொஞ்சம் குத்தலாக அதைச் சொன்னேன். அண்ணாச்சி எடைக்கல்லைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒண்ணும் நடக்கலேங்கதுனால அவ சொன்னது தப்புன்னு ஆயிருமா, சாமி? நம்ம ஆளுக வீட்டுல இருந்தோம். அம்புட்டுத்தானே வேணும்." ஆபீசில் எத்தனையோ சட்டம் படித்திருக்கிறேன். இப்படி ஒரு வியாக்கியானத்தை எங்கேயும் படித்ததில்லை.

நண்பர்களே, மொட்டைப்பாறையின் தெற்கு முகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். சுவர். எங்கள் அறிவுக்கு அதில் யாரும் ஏறியதில்லை. பல வருஷமாக அதைத்தான் முட்டிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேலே போவோம், யாராவது வேண்டாம் என்போம், இறங்குவோம், தோசை தின்போம். நடுவில் என் தமக்கை மகள் பாகீரதி சேர்ந்தாள். பகலில் டைப்பிஸ்ட். ஞாயிற்றுக்கிழமை சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பாறையில் வைத்தால் பல்லிதான். எங்கள் கிழட்டுக் கூட்டத்துக்கு அவள் வந்த பிறகுதான் உச்சி கண்ணில் தெரிய ஆரம்பித்தது.

கடைசி ஞாயிற்றுக்கிழமை. தூறல் நின்று வெயில் வந்திருந்தது. பாகீரதி முதலில், அவளுக்குக் கீழே அண்ணாச்சி, அப்புறம் நான், கடைசியில் மைதீன். நாலு பேரும் ஒரே கயிற்றில். அன்றைக்கு எல்லாம் கூடி வந்தது. கைக்குப் பிடி கிடைக்கிறது, காலுக்கு மேடு கிடைக்கிறது. நான்கூட ஒரு தடவையும் வேண்டாம் என்று சொல்லவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாகீரதி மேலேயிருந்து கத்தினாள், "மாமா, உச்சிப் புல் தெரியறது. இன்னும் ரெண்டு கை உசரந்தான்."

அப்போது அண்ணாச்சி சொன்னார், "வேண்டாம்."

பத்து வருஷத்துக்கு மேல் பாறை ஏறியவர். மழையில் சொல்லாதவர், கயிறு பிரிந்தபோது சொல்லாதவர். ஆயுளில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொல்கிறார், உச்சிக்கு இரண்டு கை உயரத்தில். பாகீரதியை நினைத்துப் பாருங்கள். சின்ன வயசு. எட்டினால் புல். ஒரு கேள்வி கேட்டாளா? ஒரு முனகல்? கையை எடுத்தாள், இறங்க ஆரம்பித்தாள். நாலு பேரும் ஒருவர்பின் ஒருவராக, முளைக்கு முளை நிதானமாக இறங்கினோம். அண்ணாச்சிக்கு நெற்றியெல்லாம் வியர்வை. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கப்பன் கடையில் வழக்கமான கேள்வி. ஆராணு வேண்டா பறஞ்ஞது? அண்ணாச்சி பள்ளிக்கூடப் பையன் மாதிரிக் கையைத் தூக்கினார். தங்கப்பன் நம்பவில்லை, என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். முதல் தோசை அண்ணாச்சி இலைக்கு வந்தது. ஒரு வாய் போட்டார், எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "இத்தன வருஷமா எனக்குத் தராம இதையா தின்னுக்கிட்டு இருந்தீங்க? பாவிகளா" என்றார். நாங்கள் புரையேறச் சிரித்தோம். அவருக்குத்தான் எங்களைவிட அதிகச் சிரிப்பு.

பஸ் இறங்கியதும் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்தார். போகும்போது உடைக்க மாட்டார், அது லஞ்சம் என்பார். திரும்பி வந்து உடைப்பார். தேங்காய் நன்றாக உடைந்தது. "அடுத்த தடவ பாகீரதி அந்தப் புல்லப் புடிச்சிருவா" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குள் திரும்பினார். மறுநாள் காலையில் கடையில், ஒரு குத்துவிளக்கைத் தராசில் வைத்துவிட்டு எடைக்கல் எடுக்கக் குனிந்தார். நிமிரவில்லை. இருதயம் என்றார் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமையே அவருக்கு நெஞ்சு வலித்ததா? எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். கேட்டிருந்தால் டாக்டரிடம் போயிருப்போமோ என்று எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. அது என்னோடு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒன்று மட்டும் சந்தேகமில்லாமல் தெரியும். அந்த மனிதர் அன்றைக்கு வீம்பு பிடித்து இன்னும் இரண்டு கை உயரம் ஏறியிருந்தால், ஏறி அங்கே சாய்ந்திருந்தால், அதே கயிற்றில் மூன்று பேர் தொங்கிக்கொண்டிருந்தோம். என் தமக்கைக்குப் பெண் இருந்திருக்க மாட்டாள். மைதீன் வீட்டில் அடுப்பு எரிந்திருக்காது. எங்கள் மூன்று பேரையும் தரையில் கொண்டுவந்து உட்காரவைத்து, தோசையும் தின்றுவிட்டுத்தான் போனார்.

பாறை கொன்றுவிட்டது என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். சத்தியதாஸ் சார் தீர்மானத்திலும் அதுதான் இருக்கிறது. சார், அவர் இறந்தது கடையில். அப்படியானால் பாத்திரக்கடைகளை எல்லாம் மூடச் சொல்லி ஒரு தீர்மானம் போடுவீர்களா? முன்னால் உட்கார்ந்திருக்கும் முதலாளிமார் சும்மா விடுவார்களா? ஆபத்து இல்லை என்று நான் சொல்லவில்லை. கயிறு பிரிவதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆபத்து இருக்கிறது என்பதால்தான் எங்களுக்கு அந்த ஒரு வார்த்தை இருக்கிறது. அந்த வார்த்தையைச் சொல்லத் தெரிந்தவர்கள் ஏறட்டும் என்றுதான் அண்ணாச்சி எங்களைப் பழக்கினார்.

எனவே, பெரியோர்களே, எங்கள் பிரிவின் சார்பில் இந்த மண்டபத்தில் ஒரு உறுதி சொல்கிறோம். மிச்சமிருக்கும் அந்த இரண்டு கை உயரத்தையும் ஏறுவோம். ஏறும்போது ஒருவர் வேண்டாம் என்றால் இறங்குவோம். ஏறினாலும் இறங்கினாலும் அண்ணாச்சி பெயரைச் சொல்லித் தேங்காய் உடைப்போம். ஆனால் இந்த உறுதி செல்லுபடியாக ஒருவர் தலையசைக்க வேண்டும்.

நாளைக்குச் சனிக்கிழமை, அக்கா. கயிறு உங்கள் வீட்டில் இருக்கிறது. மைதீன் உங்கள் வாசலில் வந்து நிற்கத் தயங்குகிறார், அதனால் நான் இங்கேயே கேட்கிறேன். நாங்கள் ஏறலாமா? இனி எப்போதுமே வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் சரி. ஏன் என்று கேட்கமாட்டோம். சத்தியதாஸ் சார் தீர்மானம் வாசிக்கவேண்டிய அவசியமே இருக்காது, நானே முளைகளைக் கொல்லனிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். இந்தக் கூட்டத்துக்காகச் சொல்லவேண்டாம், எங்களுக்காகவும் சொல்லவேண்டாம். உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள். அவசரமில்லை, நான் நிற்கிறேன்.

அக்கா எழுந்திருக்கிறார்கள். கொஞ்சம் அமைதியாக இருங்கள். மைதீன், அந்த விசிறியை நிறுத்தும்.

வேண்டாம் என்கிறார்கள்.

சரி, அக்கா. சரி. சட்டம் சட்டந்தான். சத்தியதாஸ் சார், நீங்கள் அந்தக் காகிதத்தை... ஒரு நிமிஷம். அக்கா இன்னும் உட்காரவில்லை. என்னக்கா? கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது, அக்கா சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்கிறேன். "இந்த ஞாயித்துக்கெழம வேண்டாம். கயிறு சேறும் சகதியுமா சுருட்டினபடியே கெடந்துது, நேத்துத்தான் அலசி மொட்டமாடியில போட்டேன். மழையா இருக்கு, இன்னும் காயல. காஞ்சபொறவு, அடுத்த ஞாயிறு போங்க. பாகீரதி மொதல்ல ஏறட்டும்."

பாகீரதி, அழாதே. மைதீன், நீருந்தான்.

அக்கா, சட்டப்படி நாங்கள் காரணம் கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னீர்கள். சட்டப்படி இந்த ஞாயிற்றுக்கிழமை முதல் தோசை உங்களுக்கு. வார்க்கவேண்டியவர் இல்லை, அதனால் நான் வருகிறேன். எனக்கும் கருகத்தான் செய்யும். வணக்கம்.